உப்பு ஒத்தடம்

ஜனவரி 20, 2025

இன்று காலை என் வீட்டுக்காரர் பிரடெரிக்கின் இடது கால் போர்வைக்குள்ளிருந்து சட்டென்று உதைத்தது. கையிலிருந்த டம்ளரைப் போட்டுவிட்டுத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். "அந்தோணியாரே, கால் அசையுது!" நவம்பரில் அலை அவரைப் படகின் கேபின் மேலிருந்து தூக்கிப் போட்டது. உடைந்த முதுகெலும்புக்கு மதுரையில் கம்பி வைத்து அனுப்பினார்கள். அதன் பிறகு இடுப்புக்குக் கீழே நான் பார்த்த முதல் அசைவு இதுதான்.

மதியம் சத்யப்பிரியா வந்தாள். ராமநாதபுரத்திலிருந்து வாரம் ஒருமுறை பிசியோதெரபி கொடுக்க வரும் பெண். காலை மடக்கிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். "அக்கா, இது அவுக அசைக்கிறது இல்ல. மூளையிலேருந்து வார சேதி முதுகோட நின்னுபோச்சு. தசை தானா இழுக்குது, அவ்வளவுதான்."

ஊரறிந்த வாய்க்காரி நான். போர்வையை மட்டும் இழுத்து அந்தக் காலை மூடினேன். பிரடெரிக் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போகும்போது பாடம் மாதிரி ஒப்பித்துவிட்டுப் போனாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் போட்டு மூத்திரம் எடுக்க வேண்டும். உணர்ச்சி இல்லாத இடத்தில் சூடு மட்டும் வைக்கவே கூடாது.

ஜனவரி 21

புரட்டினேன். டியூப் போட்டேன். அழுதேன். முதல் இரண்டுக்கும் நேரம் குறித்திருக்கிறேன்.

பிப்ரவரி 2

கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக, அவர் கடலுக்குப் போய் வந்தால் இடுப்புக்கு உப்பு ஒத்தடம் கொடுப்பது என் வேலை. கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து வைப்பேன். எங்கள் பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாம் அந்த நேரத்தில்தான். இன்று பூசை முடிந்து வந்ததும் கை சும்மா இருக்கவில்லை. முதுகில், உணர்ச்சி இருக்கிற இடத்தில் மட்டும்தான் வைத்தேன். அப்புறம் ஓர் ஆசை. ஒரே ஒரு தடவை முழங்காலில் வைத்தேன்.

"தெரியுதா?"

என்னைப் பார்த்தார். "லேசாத் தெரியுது புள்ள. சூடாத்தான் இருக்கு."

மாதாவே! தெரிகிறதென்றால் அது உணர்ச்சி இல்லாத இடம் இல்லையே. அப்புறம் அந்தப் பெண் சொன்னது எங்களுக்கு எதற்கு?

பிப்ரவரி 5

கணுக்கால் வரை தெரிகிறதாம். நேற்றைவிட நன்றாகவே தெரிகிறதாம். இன்னும் கொஞ்சம் சூடாக்கவா என்றேன், சரி என்றார். மூன்று மாதத்துக்குப் பிறகு இன்றுதான் மீன் குழம்பை ருசி பார்த்து இறக்கினேன்.

பிப்ரவரி 7

கொப்புளம். இடது குதிகாலிலும் கெண்டைக்காலிலும், என் உள்ளங்கை அளவுக்கு. துடைக்கும்போது தோல் துணியோடு வந்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார், முகத்தில் ஒரு சுளிப்பில்லை.

"தெரியுதுன்னு சொன்னீகளே! சொன்னீகளா இல்லையா?"

தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"கால் துள்ளுனப்ப உன் மொகத்தப் பாத்தேன். அந்தப் பொண்ணு சொன்ன பொறவும் பாத்தேன். மறுபடி அதப் பாக்க ஏலாது புள்ள."

"ஒண்ணுமே தெரியலையா?"

"ஒண்ணுமே."

நான் சுட்டுட்டேன். என் கையாலயே. எம்புட்டு நேரம் வச்சிருந்தேன், பாட்டு வேற பாடிக்கிட்டு —

பிப்ரவரி 11

காய்ச்சல். புண் கறுத்துவிட்டது. ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று.

பிப்ரவரி 26

தொடையிலிருந்து தோல் எடுத்துப் புண்ணில் வைத்தார்கள். "அங்கன எடுத்தா எனக்கென்ன வலிக்கவா போவுது" என்று டாக்டரிடம் சிரித்தார். நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

சத்யப்பிரியா பார்க்க வந்தாள். திட்டியிருந்தால் தேவலை. "இப்படி ஒத்தடம் கொடுத்துச் சுட்டுட்டு வந்தவுகள நான் முன்னையும் பாத்திருக்கேன்க்கா. எல்லாம் பாசத்துலதான்" என்றாள். அந்தப் பாசத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மார்ச் 5

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து நான் வார்டுக்கு வந்ததும், எனக்கும் கொஞ்சம் என்றார். என் நெற்றியிலிருந்து எடுத்து அவர் நெற்றியில் இட்டேன். "இது நெசமாத் தெரியுது" என்றார்.

ஏப்ரல் 20

ஈஸ்டர். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. கைப்பிடி வைத்த கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன், சத்யப்பிரியா சொன்ன ஏற்பாடு. தினம் காலையில் அவரே குதிகாலையும் பின்பக்கத்தையும் அதில் பார்த்து, சிவந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும். "செவப்பு இல்ல" என்பார். நானும் ஒருமுறை பார்ப்பேன். நம்பாமல் இல்லை. பொய் எதற்கு, நம்பாமல்தான்.

இன்று சொல்லியே விட்டேன். "நீங்க இனிமே பொய் சொல்லக் கூடாது."

"நான் இனிமே நடக்க மாட்டேன்னு நீ ஒத்துக்க. நான் ஏன் பொய் சொல்லப் போறேன்?"

ஒத்துக்கொள்ளவில்லை. அடுப்பைப் பார்க்கப் போனேன்.

மே 18

கால் இன்றும் துள்ளியது. அவர் என்னைப் பார்ப்பதற்குள், "தானா இழுக்குது" என்று நானே சொன்னேன். விலகிய போர்வையை இழுத்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் வாய்விட்டு அழுதேன்.

ஜூன் 15

மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. படகெல்லாம் நாளை கடலுக்குப் போகிறது. கரைக்குக் கூட்டிப் போ என்றார். அவரோடு படகில் போன சகாயம் வந்து, சக்கர நாற்காலியை மணலில் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் ஓரத்தில் வைத்தான். பிறகு ஐஸ் ஏற்ற வேண்டுமென்று ஓடிவிட்டான்.

புண் ஆறி, குதிகாலில் புதுத்தோல் பளபளவென்று இருக்கிறது. அலை வந்து அந்தக் காலை நனைத்துவிட்டுப் போனது. தெரியுதா என்று கேட்கத் தொண்டை வரை வந்தது. கேட்கவில்லை.

அவர்தான் கேட்டார். "தண்ணி எப்படி இருக்கு புள்ள?"

செருப்பைக் கழற்றிவிட்டு அவர் காலுக்குப் பக்கத்தில் என் காலை வைத்தேன்.

"மேல வெதுவெதுன்னு இருக்கு. அடியில மண்ணு சில்லுன்னு இருக்கு. அலை போறப்ப குதிகாலுக்குக் கீழ மண்ணு அரிச்சுக்கிட்டுப் போவுது."

"ம்" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். "இன்னுங் கொஞ்சம் சொல்லு."

சொன்னேன்.