இடது முன்விளக்கின் பக்கத்தில்

மரியே வாழ்க

ஷார்ஜா
12.1.2007, வெள்ளி

அன்புள்ள ராணிக்கு,

உன் ஆரோக்கியராஜ் எழுதுவது. அமலிக்குச் சளி விட்டுவிட்டது என்று போன வாரம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டதால் நலம் விசாரிப்பதைச் சுருக்கிக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் பள்ளிக்கூடமும் மருந்தும், கடிதத்தில் கார். மூன்று வருடத்துக்கு முன் நான் விமானம் ஏறியபோது நீ போட்ட சட்டம்தானே இது. போன் கார்டு தீர்வதற்குள் ஒரு பம்பரைப் பற்றிக்கூடப் பேசி முடிக்க முடியாது என்று சொன்னாய். அது சரிதான்.

புது லெக்ஸஸ் வந்துவிட்டது ராணி. எல்.எஸ். 460. எங்கள் கார் பாலிஷ் கடைக்கு முதல் வண்டி புதன்கிழமை வந்தது, கறுப்பு. அதை இறக்கிய நேரத்திலிருந்து கடையில் யாருக்கும் வேலை ஓடவில்லை. மலையாளி பெயிண்டர், "இது லெக்ஸஸே இல்லை, வேறு யாரோ செய்து பெயர் ஒட்டியிருக்கிறார்கள்" என்று ஒரே பிடியாக நிற்கிறார். பெஷாவர்க்காரர் டிங்கரிங் பார்ப்பவர், அவர் கதவை நான்கு தடவை திறந்து மூடி, சத்தத்தைக் கேட்டுவிட்டு, "முகம் எப்படி இருந்தால் என்ன, எலும்பு அதேதான்" என்றார். தவசி அண்ணன் மட்டும் எதுவும் சொல்லவில்லை. ராமநாதபுரத்துக்காரர் அல்லவா, டீ ஆறும் வரை யோசிப்பார்.

நம் பனியன் கம்பெனி முதலாளி வெள்ளியங்கிரி ஐயாவின் வண்டி உனக்கு ஞாபகம் இருக்கும். அவருடைய மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழைய எல்.எஸ். 400. ஏழு வருடம் நான் ஓட்டிய வண்டி. அதன் முகம் பூசைக்கு மணியடிக்கிற கோவில்பிள்ளை மாதிரி அமைதியாக இருக்கும். எல்லாம் நேர்கோடு, யாரையும் முறைக்காது. அதை ஜெர்மன் காரைப் பார்த்து வரைந்தது என்று சொல்வார்கள். புதியதில் விளக்குகளைப் பின்னால் இழுத்துவிட்டிருக்கிறார்கள். கிரில் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. பக்கவாட்டில் தோள் மாதிரி ஒரு மடிப்பு ஓடுகிறது. முதல் பார்வைக்கு அந்நியமாகத்தான் இருக்கும். ஆனால் ஜப்பான்காரன் இப்போதுதான் தன் கையால் வரைந்திருக்கிறான் என்பது என் அபிப்பிராயம். உனக்கு என்ன தோன்றுகிறது என்று ஒளிக்காமல் எழுது. படம் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. மே மாதம் அமலி முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். கடையில் ஆள் பற்றாக்குறை. லீவு கிடைப்பது சிரமம் போலத் தெரிகிறது. பார்க்கலாம்.

அன்பு முத்தங்களுடன்,
ஆரோக்கியம்

---

மரியே வாழ்க

அனுப்பர்பாளையம்
28.1.2007, ஞாயிறு

அன்புள்ள அமலி அப்பாவுக்கு,

ராணி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். உங்கள் பல் வலி எப்படி இருக்கிறது? நவம்பரில் பல் பிடுங்கியதாகச் சொன்னீர்கள். இன்னும் போனில் வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது மாதிரியே இருக்கிறது. பிடுங்கியவர் பல் டாக்டரா, அந்த டிங்கரிங்காரரா?

முதலில் என் சண்டை. படத்தில் ஆள் எங்கே? இதுவரை வந்த பதினேழு படத்திலும் நீங்கள் காரின் இடது முன்விளக்குக்குப் பக்கத்தில், சாயாமல், தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு நிற்பீர்கள். அமலி அதையெல்லாம் பீரோக் கதவில் வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறாள். பதினெட்டாவதில் வெறும் கார். "அப்பா எங்கம்மா?" என்று படத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள்.

இப்போது காருக்கு வருகிறேன். ஒளிக்காமல் எழுதச் சொன்னீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணைப் பின்னால் இழுத்து, வாயைக் கீழே இறக்கி, நீங்கள் ஓரமாக நின்று எடுத்த படத்தில் பார்த்தால் வாதம் வந்து வாய் ஒரு பக்கம் கோணிப்போன மனுஷன் மாதிரி இருக்கிறது. நம் பழைய வண்டியின் லட்சணம் எங்கே, இது எங்கே! என் செக்கிங் டேபிளுக்கு வந்திருந்தால் மூக்கில் ஒன்று, வாயில் ஒன்று என்று சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட் பெட்டியில் போட்டிருப்பேன். ஒரு நாளைக்கு ஆயிரம் பனியன் பார்க்கிற கண் இது. கழுத்து ஒரு நூல் இறங்கினாலும் எனக்குத் தெரிந்துவிடும். பதினைந்து வருடமாக ஒரு அழகு பழகிய பிறகு அதை ஏன் மாற்றவேண்டும்? நல்லா இருந்த முகத்தைக் கெடுத்துக்கொண்டு வந்து நின்றால் யார் ஏற்றுக்கொள்வார்கள்?

முதலாளி ஐயாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம வண்டிக்கு முன்னால இது நிக்குமுங்களா அம்மிணி? உங்கூட்டுக்காரரு மே மாசம் வந்தாருன்னா, ஒருக்கா நம்ம வண்டியப் பாக்கச் சொல்லுங்க. இப்ப இருக்கற டிரைவருக்குத் தொடைக்கவே தெரியலீங்க" என்றார். பார்த்தீர்களா, அவரும் என் கட்சி.

புதுநன்மை மே 13, ஞாயிற்றுக்கிழமை. லீவு கிடைக்காது என்று எழுதியதைப் படிக்காத மாதிரி வைத்துக்கொள்கிறேன். அமலிக்கு வெள்ளைக் கவுன் நானே தைக்கிறேன். கோவில் வாசலில் குடும்பமாகப் படம் எடுக்கவேண்டும் என்று அவள் இப்போதே இடம் பார்த்து வைத்துவிட்டாள்.

உங்கள்
ராணி

---

மரியே வாழ்க

ஷார்ஜா
16.2.2007, வெள்ளி

அன்புள்ள ராணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகம்.

காரைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். ஒளிக்காமல் எழுதச் சொன்னது நான்தான். ஆனாலும் ஒரு வார்த்தை. மாறவேண்டும் என்று கேட்டுக்கொண்டா எல்லாம் மாறுகிறது? அந்த வண்டிக்குள் என்ஜின் இன்னும் மேல்தான், உள்ளே உட்கார்ந்தால் முன்பைவிட அமைதி. முகத்தை மட்டும் பார்த்து ஒதுக்கிவிட்டால் அதற்கு மேல் அது என்ன சொல்ல முடியும்? தவசி அண்ணன் ஒரு வாரம் யோசித்துச் சொன்னார், "பழகிடும்ப்பா, எல்லா முகமும் பழகிடும்" என்று. எல்லோருக்கும் பழகுமா என்று எனக்குத் தெரியவில்லை. உன் கண் தப்பாகப் பார்க்காது என்பது எனக்குத் தெரியும். அதுதான் கஷ்டம்.

மே மாதம் நான் வரவில்லை. லீவு இல்லை. என் அண்ணனைக் கூப்பிட்டு அமலிக்குப் பக்கத்தில் நிற்கச் சொல். அடுத்த வருடம் பார்க்கலாம்.

அதே வண்டி மறுபடி பாலிஷுக்கு வந்தது. கதவுப் பக்கம் மட்டும் ஒரு படம் எடுத்திருக்கிறேன், தவசி அண்ணனின் புது டிஜிட்டல் கேமராவில். மூன்று தடவை கையால் போட்ட பாலிஷ். கறுப்பின் ஆழம் எப்படி என்று பார். முகம் பிடிக்காதவர்களுக்குக் கதவாவது பிடிக்கட்டும்.

ஆரோக்கியராஜ்

---

மரியே வாழ்க

அனுப்பர்பாளையம்
4.3.2007, ஞாயிறு

என் அன்புக்குரியவருக்கு,

பாலிஷ் மிக நன்றாக இருந்தது. தேவைக்கு மேலேயே நன்றாக இருந்தது.

கடிதம் வெறும் பத்துப் பன்னிரண்டு வரி, கீழே 'ஆரோக்கியராஜ்' என்று முழுப்பெயர். ரேஷன் கடைக்கு எழுதுகிற மாதிரி. பத்து வருடத்தில் எனக்கு நீங்கள் முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டதில்லை. மனசு சரியில்லாமல் படத்தை நேற்றுக் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போனேன். டீ நேரத்தில் டேபிள் விளக்கின் கீழே வைத்துப் பார்த்தேன். கறுப்புக் கதவின் பளபளப்புக்குள் ஒரு ஆள் கேமராவை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். துணியில் கண்ணி எண்ணுகிற பூதக்கண்ணாடியை எடுத்து வைத்தேன்.

முதலில் கதவின் வளைவு என்றுதான் நினைத்தேன். ஆனால் உங்களுக்குப் பின்னால் ஒரு விளக்குக் கம்பம் இருக்கிறது. அது நேராக நிற்கிறது. உங்கள் வாய் மட்டும் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, ஒரு கண் பெரிதாக இருக்கிறது. அப்புறம் நான் எழுதிய வரி ஞாபகம் வந்தது. வாதம், வாய், கோணல். அதை எழுதிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுதேன். பக்கத்து டேபிள் மருதாள் எட்டிப் பார்த்து, "என்னங்கக்கா, எண்ணெய்க் கறைங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

பல் வலி என்று நான்கு மாதமாக ஏமாற்றியிருக்கிறீர்கள். போன் குரலிலேயே நான் கண்டுபிடித்திருக்கவேண்டும். துணியில் ஒரு ஓட்டையை விடாதவள், உங்களை விட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எனக்குக் கோபமும் இருக்கிறது, அதையும் கேளுங்கள். கார் வேறு, நீங்கள் வேறு. கார் பிடித்திருக்கிறதா என்று கேட்டீர்கள், அபிப்பிராயம் சொன்னேன். நாளைக்கும் சொல்வேன். உங்களைப் பற்றி எனக்கு அபிப்பிராயமே கிடையாது. நீங்கள் என் வீட்டுக்காரர். பத்து வருடத்துக்கு முன்னால் அந்தப் பழைய வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த உங்களிடம், பின் கதவில் ஒரு கீறல் இருக்கிறது என்று நான்தான் வந்து காட்டினேன். கீறலைப் பார்க்கவா வந்தேன் என்று நினைத்தீர்கள்? ஒரு காரின் முகத்தை நான் கேலி செய்ததற்காக, பெற்ற பிள்ளையின் புதுநன்மைக்கு வராமல் இருப்பீர்களா?

அமலிக்கு மறைக்கவேண்டாம் என்று முடிவு செய்தேன். பூதக்கண்ணாடியை ஓவர்லாக் போட்ட பனியனில் சுற்றி, சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "கதவுக்குள்ள அப்பா இருக்காங்க, பாரு" என்றேன். குப்புறப் படுத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். எனக்கு உயிர் கையில் இல்லை. தலையை நிமிர்த்தி, "அப்பாவுக்குத் தொப்பை போட்டிருச்சும்மா" என்றாள். அவ்வளவுதான். படத்தைப் பீரோவில் பதினெட்டாவதுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

டாக்டர் என்ன சொன்னார், என்ன மருந்து, எல்லாவற்றையும் எழுதுங்கள். மே 13-க்கு வாருங்கள்.

உங்கள்
ராணி

---

மரியே வாழ்க

ஷார்ஜா
23.3.2007, வெள்ளி

அன்புள்ள ராணிக்கு,

உன் கடிதத்தை வண்டிகளுக்கு நடுவில் நின்று படித்தேன். தவசி அண்ணன் வந்து தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

எல்லாவற்றையும் எழுதுகிறேன். நவம்பர் 19-ஆம் தேதி காலையில் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தேன். தண்ணீர் வாயில் நிற்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் இடது பக்கம் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி தொங்குகிறது. முகத்து நரம்பு ஒன்று வீங்கிவிட்டது, மூளைக்கு ஒன்றும் இல்லை, பயப்படவேண்டாம் என்றார் டாக்டர். மாத்திரையும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார். முக்கால்வாசி திரும்பி வந்துவிட்டது. மீதி வரலாம், வராமலும் போகலாம். இடது கண் முழுவதும் மூடாது. சிரித்தால் ஒரு பக்கம்தான் சிரிக்கும். கடை வாசலில் நின்று சாவி கொடுத்துக்கொண்டிருந்த என்னைப் பின்பக்க ஷெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஆள் பற்றாக்குறை என்று உனக்கு எழுதியது பொய்.

நான் பயந்தது உனக்குக்கூட இல்லை. அமலிக்கு என்னை நேரில் ஞாபகம் இருக்காது. அவளுக்குப் பீரோக் கதவில் இருப்பவன்தான் அப்பா. வேறு ஒரு முகம் வந்து இறங்கி நான்தான் அப்பா என்று சொன்னால் என்ன செய்வாள் என்று தினமும் நினைத்தேன். உன்னிடம் காரைப் பற்றிக் கேட்டது அதனால்தான். கோழைத்தனம்தான். நீ கேலி செய்ததில் தப்பில்லை.

முதலில் அந்த வண்டிக்காக நான் வாதாடியது எனக்காகத்தான். ஆனால் இரண்டு மாதம் அதே மாதிரி வண்டிகளின் முகத்தைக் கையால் தேய்த்துத் தேய்த்து, இப்போது நிஜமாகவே பிடித்துவிட்டது. உன்னோடு இதில் நேரில் சண்டை போடவேண்டும்.

இங்கே கடை முதலாளியிடம் கேட்டேன், லீவு உடனே கிடைத்தது. டிக்கெட் எடுத்துவிட்டேன். மே 9, புதன்கிழமை காலையில் கோயம்புத்தூரில் இறங்குவேன். தொப்பை என்று அமலி சொன்னது தவறு. அது கதவின் வளைவு.

படம் வைத்திருக்கிறேன். தவசி அண்ணன் எடுத்தது. அவர் அந்த நல்ல பக்கத்தைக் காட்டி நிற்கச் சொன்னார். நான் நேராகவே நின்றேன்.

அன்பு முத்தங்களுடன்,
ஆரோக்கியம்

---

மரியே வாழ்க

அனுப்பர்பாளையம்
8.4.2007, ஈஸ்டர் ஞாயிறு

அன்புள்ள அமலி அப்பாவுக்கு,

படம் நேற்று வந்தது. இடது முன்விளக்குக்குப் பக்கத்தில், சாயாமல், தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு. அமலி இன்று பூசைக்கு அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, புதுநன்மை வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் காட்டிவிட்டாள். மூலை மடங்கிவிட்டது என்று இப்போது பசை வைத்து ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

கோவில் வாசலில் படம் எடுக்கும்போது அப்பா தன் இடது பக்கம்தான் நிற்கவேண்டுமாம். முன்விளக்கு அவள்தானாம். தொடலாமாம், அதற்கு மட்டும் அனுமதி உண்டாம்.

முதலாளி ஐயா தன் வண்டியை உங்களை அழைத்துவர விமான நிலையத்துக்கு அனுப்புகிறார். திரும்பி வரும்போது நீங்கள் ஓட்டுங்கள்.

கதவின் வளைவு என்று எழுதியிருந்தீர்கள். கம்பம் நேராகத்தான் நின்றது என்று முன்பே எழுதிவிட்டேன். தொப்பைதான்.

படத்தை விளக்கின் கீழே, பூதக்கண்ணாடி வைத்து, ஒரு அங்குலம் விடாமல் பார்த்தேன். ஸ்டிக்கர் ஒட்ட ஒரு இடம்கூட இல்லை. காரைத்தான் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

உங்கள்
ராணி