அப்பாவின் நாற்காலி இருந்த இடம்

மார்ச் 4, செவ்வாய்

அம்மாவைச் சித்தி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. பத்து நாள். அவள் திரும்புவதற்குள் இந்த வீட்டைக் காலி செய்து, அண்ணன் வாங்கியிருக்கும் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் எல்லாவற்றையும் அடுக்கிவிட வேண்டும். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. நேராகப் புது வீட்டில் வந்து இறங்குவாள்.

"அம்மா இருந்தா ஒரு ஓட்டைக் கரண்டியைக்கூடத் தூக்கிப் போட விடமாட்டாங்க. அழுகை வேற" என்கிறான் அண்ணன். எனக்கும் சரியென்றுதான் பட்டது.

மார்ச் 5

சித்தி போனில்: "செடிக்குத் தண்ணி ஊத்துறீங்களான்னு உங்கம்மா கேக்குறா." ஊத்துறோம் என்றேன்.

மார்ச் 8, சனி



ஈரானியச் சமகாலக் கலைஞர்களின் கண்காட்சிக்குப் போனேன். இடம்பெயர்தல் பற்றியது. போர், எல்லை, முள்வேலி என்று எதிர்பார்த்துத்தான் போனேன். மூன்றாவது அறையில் ஒன்றுமே இல்லை. தரை முழுக்க மெல்லிய தூசி. கட்டில், மேசை, தொட்டில் இருந்த இடங்கள் மட்டும் சுத்தமாக. சுவரில் படங்கள் தொங்கிய வெளிர்ச் சதுரங்கள்.

காவலுக்கு நின்ற அம்மாள் சொன்னாள்: "மிதிக்கலாம்மா, தடையில்ல. மூணு வாரமாப் பாக்குறேன், கட்டில், மேசை இருந்த எடத்தை மட்டும் எல்லாரும் சுத்தித்தான் போறாங்க."

வாசலில் கலைஞர் எழுதியிருந்தார்: 'எனக்கு ஒன்பது வயது. மூன்று நாள் அத்தை வீட்டில் விட்டார்கள். அங்கிருந்தே விமான நிலையம். வீடு காலியாவதைப் பார்த்தால் அழுவேனாம். அழுதிருப்பேன். அதற்காவது விட்டிருக்கலாம்.'

அத்தை வீடு. சித்தி வீடு.

அவர்கள் உயிருக்குப் பயந்து ஓடியவர்கள். நாங்கள்? ஓர் அழுகைக்குப் பயந்து. அகதிகளைப் பற்றி எத்தனை புத்தகம் படித்து, எத்தனை அடிக்கோடு போட்டிருப்பேன்! அம்மாவின் பெட்டியைப் பூட்டிக் கொடுத்ததும் இதே கைதானே?

நிறுத்தச் சொல்ல ஓடி வந்தேன். கூடம் வெறிச்சென்று கிடந்தது. ஜன்னலோரத்தில் அப்பாவின் நாற்காலி இல்லை. அப்பா போய் ஆறு வருடமாகியும் யாரும் நகர்த்தாத நாற்காலி.

அண்ணன் சொன்னான்: "கால் ஆடுற நாற்காலிடி. பழைய சாமான்காரன் எடுத்துக்கிட்டதே பெரிசு. உனக்கு என்ன ஆச்சு, புத்தகப்புழு?"

 

மார்ச் 9

அண்ணனை இழுத்துக்கொண்டு பழைய சாமான் கடைக்குப் போனேன். நாற்காலியை அதற்குள் உடைத்துவிட்டார்கள்.

அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?"

மார்ச் 10

வந்தாள். செருப்பைக் கழற்றாமல் ஒவ்வோர் அறையாகப் பார்த்தாள். அழவில்லை; அதுதான் தாங்கவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா வரமாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"



மார்ச் 16, ஞாயிறு

சாமான் ஏற்றும் வண்டியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டோம். அம்மா ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து, பார்த்து, தானே கட்டுகிறாள். ஓட்டைக் கரண்டியை அவளே தூக்கிப் போட்டாள்.

"இதைத்தானேம்மா நானும் செஞ்சேன்?" என்றான் அண்ணன்.

"நீ செஞ்சே. நான் செய்யலியே."

செடிக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனவள், நாற்காலி இருந்த இடத்தைச் சுற்றி வளைந்து போனாள். பின்னால் பெட்டியைத் தூக்கி வந்த அண்ணன் சட்டென்று நின்றான். பிறகு அவனும் சுற்றிக்கொண்டு போனான்.