ராட்சதனின் காது

மார்ச் 4, செவ்வாய்

இன்று முழுக்க ராட்சதனோடு மல்லுக்கட்டினேன். குகைக்குள் படகு வளைந்து திரும்பியதும், படுத்திருக்கும் ராட்சதன் எழுந்து உட்கார்ந்து, குனிந்து, படகில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும். எழுகிறான், குனிகிறான், பார்க்கிறான். உயிர்தான் இல்லை. எந்த விளக்கைப் போட்டாலும் துணிக்கடை பொம்மை மாதிரி முழிக்கிறான்.

இந்தக் கேளிக்கைப் பூங்காவில் பதினொரு வருஷமாக விளக்கு போடுகிறேன். ஒரு சவாரியை முழுசாக என்னிடம் விட்டது இதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, பயமும் விடவில்லை. இரண்டும் சேர்ந்தால் பசிக்கும் போல. மத்தியானம் இரண்டு தடவை சாப்பிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

ராட்சதனை அசைய வைப்பவருக்கு மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருக்கிறேன் — மூட்டுக்காரர். முப்பத்திரண்டு மூட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார். நான் இருட்டைக் கூட்டினால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது.

"சுண்டுவிரலுக்கு மட்டும் மூணு வாரம் உழைச்சிருக்கேன். அதைப் போய் இருட்டுல தள்ளிட்டீங்க."

"எல்லாத்தையும் காட்டினா மோட்டார்தான் தெரியும். ராட்சதன் தெரிய மாட்டான்."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. மொத்தமா அணைச்சிடுங்க. உங்களுக்கும் வேலை மிச்சம்."

அணைத்தேன். கும்மிருட்டு. இருவரும் படகில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இருட்டில் முறைத்து யாருக்கு என்ன தெரியப்போகிறது? யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை.

மார்ச் 10, திங்கள்

மேலாளர் வந்து பார்த்தார். "வெள்ளிக்கிழமை இயக்குநரம்மா வர்றாங்க. அவங்களுக்குப் பிடிக்கலேன்னா இவனைக் கழட்டிட்டுத் திரை மாட்டிடுவோம். படம் ஓட்டிட்டாப் போதும். எண்ணெய் விட வேண்டாம், மூட்டும் தேயாது."

மூட்டுக்காரர் ராட்சதனின் முழங்காலில் கையை வைத்தபடி நின்றார். எனக்கு வருத்தமாக இருந்தது. யாருக்காக? ராட்சதனுக்காகத்தான். வேறு யாருக்காக?

மார்ச் 11, செவ்வாய்

எல்லா விளக்கையும் இடம் மாற்றிப் பார்த்தாயிற்று. பொம்மை பொம்மைதான்.

மார்ச் 12, புதன்

கண்டுபிடிச்சுட்டேன் — அவசரத்துல எழுத்தெல்லாம் கோணல்.

நாலரை மணி இருக்கும். பட்டறை ஜன்னலோரம் மூட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் வெயில். அவருடைய காது இரண்டும் செக்கச் சிவந்து, உள்ளே ஓடும் நரம்பு தெரிய, கனன்றுகொண்டிருந்தன. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் டீயில் ஆடை படிந்துவிட்டது. வெளிச்சம் காதுக்குள் ஊடுருவுகிறது. ராட்சதனின் தோல் சிலிக்கோன் ரப்பர்தானே, அதிலும் ஊடுருவுமே!

ஓடினேன். ஏணியில் ஏறி, ஒவ்வொரு காதுக்குப் பின்னாலும் பட்டாணி அளவில் ஒரு சிவப்பு விளக்கு வைத்தேன். முகத்துக்கு நேராக இருந்ததையெல்லாம் அணைத்தேன். மூட்டுக்காரர் அவனை எழுப்பினார். ராட்சதன் குனிந்தான். காதுமடல் மெல்லச் சிவந்தது. சத்தியமா சொல்றேன், மூச்சு விட்டான்.

மூட்டுக்காரர் படகில் ஓரடி பின்னால் நகர்ந்தார். தான் செய்தவனைப் பார்த்துத் தானே பயந்துவிட்டார்.

"எங்கேர்ந்து வந்துச்சு இந்த யோசனை?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"உங்க காதுலேர்ந்து."

குகைக்குள் ஏது வெயில்? ஆனாலும் சிவந்தன.

மார்ச் 13, வியாழன்

"ஏன்டி, சமையல்ல ரெண்டு தடவை உப்பு போட்டிருக்கே. தனியா வேற சிரிக்கிறே. என்ன விஷயம்?" — அக்கா.

"வேலை நல்லா போகுதுக்கா."

அத்தான் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "அந்த வேலைக்குப் பேரு ஏதாவது இருக்கா?" என்றார்.

நாற்பத்தாறு வயசு. விவாகரத்தாகி ஒன்பது வருஷம், அக்கா வீட்டு மாடியறை. இனி என்ன என்று நிம்மதியாகத்தானே இருந்தேன்? இப்ப என்ன, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி?

மார்ச் 14, வெள்ளி

இயக்குநரம்மா முன்வரிசையில், மேலாளர் பக்கத்தில். நாங்கள் இருவரும் பின்னால். படகு திரும்பியது. ராட்சதன் எழுந்தான், குனிந்தான், அந்த அம்மாவை நேராகப் பார்த்தான். நாலு பூங்காவைக் கட்டி மேய்க்கிறவர், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க, தூக்கத்தைக் கெடுத்துட்டோம்" என்றார். அவனிடம்!

கரையில் இறங்கியதும் மேலாளரிடம், "திரைங்கிற பேச்சையே எடுக்காதீங்க" என்றார்.

மூட்டுக்காரர் என் கையைப் பிடித்திருந்தார். எப்போது பிடித்தார் என்று யோசித்துப் பார்க்கிறேன். நான்தான் பிடித்தேன் போல.

ஏப்ரல் 12, சனி

சவாரி திறந்த நாள். முதல் படகிலிருந்து வந்த அலறலைக் கேட்டு இரண்டு பேரும் பட்டறையில் குதித்தோம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பூங்காவுக்கு வெளியே, டீக்கடை பெஞ்சில். அவர் மனைவி இறந்து ஏழு வருஷமாகிறதாம். ரொம்ப நேரம் சுற்றி வளைத்தார். கடைசியில், "வீட்டுல ரெண்டு அறை சும்மாதான் கிடக்கு" என்றார்.

"ரெண்டு எதுக்கு?" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

ஜூலை 8, செவ்வாய்

இந்த வீட்டு ஸ்விட்சுகள் இன்னும் கைக்குப் பழகவில்லை. காலையில் அவர் குளிக்கப் போனார். அடுப்படிக்கு என்று எதையோ தட்டினேன், குளியலறை இருண்டுவிட்டது. உள்ளேயிருந்து, "விளக்குக்காரம்மா, கண்ணுல சோப்பு. கொஞ்சம் தயவு பண்ணுங்க" என்று குரல்.

ஒன்றைப் போட்டேன். வாசல் எரிந்தது. இன்னொன்றைப் போட்டேன். மின்விசிறி சுற்றியது. நான் அவசரப்படவில்லை. இன்னும் நாலு பாக்கி இருந்தது.