ஆள் இல்லாத லிஃப்டில் உன் குரல்

என் தாமு அண்ணே,

அங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் தொடங்க நினைத்தேன். ஆனால் நீ எங்கே இருக்கிறாய் என்பதிலேயே இப்போது எனக்குச் சந்தேகம். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கண்ணை மூடிய மறு வருடம், என் வீட்டுக்காரரும் நானும் கட்கியில் இருந்த வீட்டை விட்டு ஊரின் மறுகோடியில் கோந்த்வாவுக்குக் குடிவந்தோம். ஆறாவது மாடி. முதல் நாள் சாமான்களோடு லிஃப்டில் ஏறினேன். கதவு நகர்ந்தது. தலைக்கு மேலிருந்து நீ பேசினாய். "தர்வாஜா பந்த் ஹோ ரஹா ஹை." கதவு மூடுகிறது என்ற ஒரே வரி. என் கையிலிருந்த பை நழுவி விழுந்தது.

விமான் நகர் ஒலிப்பதிவு ஸ்டூடியோவில் வேலை பார்த்தபோது என்னென்னவோ அறிவிப்புகளைப் பேசிக் கொடுத்தாய். அதெல்லாம் எங்கே போய் ஒலிக்கிறது என்று உனக்கே தெரியாது. அப்படி ஒன்று நான் குடிவந்த வீட்டுக்கு எனக்கு முன்னாலேயே வந்து காத்திருந்திருக்கிறது. அன்றைக்கு அழுதேன். பிறகு பழகிவிட்டது. காய்கறிப் பையோடு ஏறும்போது, "வந்துட்டேண்ணே" என்று மெல்லச் சொல்லிக்கொள்வேன்.

உன் குரலைக் கேட்டவர்கள் எல்லோரும் அது பிறவி வரம் என்றார்கள். அவர்கள் உன்னைச் சின்னப் பையனாகப் பார்த்ததில்லை. தாமோதரன் என்ற சொந்தப் பெயரைச் சொல்ல முடியாமல் நின்றவன் நீ. முதலில் ஒரு சின்ன மூச்சு. பிறகு நாக்கு பல்லில் ஒட்டிக்கொள்ளும். த... த... த... வகுப்பே திரும்பிப் பார்க்கும். ஃபேக்டரியிலிருந்து வந்த அப்பா உன்னைப் பார்க்கப் பொறுக்காமல், "போதும்ல, விட்ரு. வாயத் தொறக்காம செய்யுத வேல எவ்வளவோ கெடக்கு" என்பார்.

நீ விடவில்லை. உன் குரல் உன் காதில் விழாவிட்டால் திக்கல் வராது என்பதை நீயாகவே கண்டுபிடித்தாய். தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று, லோக்கல் ரயில் இரையும்போது செய்தித்தாளை உரக்கப் படிப்பாய். கடைசிப் பெட்டி கடந்ததும் பேச்சு பாதியில் அறுந்துபோகும். மறுநாளும் போவாய். பல மாதங்கள் கழித்து ரயில் போன பிறகும் ஒரு வார்த்தை மிஞ்சியது. அப்புறம் ஒரு வரி. மழையிலும் போனாய், காய்ச்சலிலும் போனாய்.

ஸ்டூடியோவில் சேர்ந்த பிறகும் தினமும் உரக்கப் படிப்பதை நீ நிறுத்தவில்லை. "இன்னும் எதுக்குண்ணே? அதான் திக்கல் போயிட்டுல்லா?" என்று கேட்டேன்.

"எங்கட்டி போச்சு? அது முழிக்கதுக்கு முன்ன நான் முழிச்சிருதேன். அவ்வளவுதான்."

அண்ணே, போன மழைக்காலம் முடிந்த கையோடு அது முழித்துக்கொண்டது.

நான் தனியாக லிஃப்டில் நின்றிருந்தேன். கதவு மூடப்போகும் நேரத்தில் மேலிருந்து ஒரு சின்ன மூச்சு. பிறகு த... த... த... அப்படியே நின்றுவிட்டது. அந்த மூச்சை எனக்குத் தெரியாதா?

மெக்கானிக் வந்து குரல் பதிந்திருக்கும் மின்பலகையைக் கழற்றி, தன் கருவியில் போட்டுக் காட்டினார். ஒரு பழுதும் இல்லாத சுத்தமான வரி. "இதுல வேற எதுவுமே பதிவாகல மேடம்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரரும் தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றார். கொஞ்ச நாள் பயந்து படியேறினேன். முழங்கால் வீங்கியது.

ஒரு மதியம், எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரம். எங்கள் மாடியில் லிஃப்ட் சும்மா நின்றிருந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் நீ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாய். த... த... மூச்சு. தர்... மூச்சு. மறுபடி முதலிலிருந்து. கதவில் கை வைத்தேன். இரும்பு சில்லென்று இருந்தது. ஓடிவிடலாம் என்று தோன்றியது, ஆனாலும் கையை எடுக்கவில்லை. சேர்த்து வைத்ததையெல்லாம் போகும்போது பிடுங்கிக்கொள்கிறார்களா அண்ணே? அங்கேயும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டுமா?

போன வாரம் எங்கள் குடியிருப்பு சொசைட்டியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பலகையை மாற்றி, புதிதாக ஒரு பெண் குரல் வைக்கப் போகிறார்களாம். பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை என்று செயலாளர் சுமன் மேடத்தின் வீட்டுக்குப் போனேன். நாலாவது மாடியில் தனியாக இருக்கிற மராத்திக்கார அம்மா. எங்கிருந்து தொடங்குவது என்று புரியாமல், "அந்தக் குரலை மட்டும் மாத்தாதீங்க" என்று இந்தியில் சொன்னேன்.

அவர் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "உனக்கும் கேட்கிறதா?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"யார் அது?"

"என் அண்ணன்."

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு மராத்தியில் சொன்னார்: "பஹில்யாபேக்ஷா சாங்க்லா போல்தோ ஆதா." முன்னைவிட இப்போது நன்றாகப் பேசுகிறான்.

மறுநாள் காலை நோட்டீஸ் இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் இருந்தது.

நேற்று மதியம் 'தர்வா' வரைக்கும் வந்துவிட்டாய். அவசரமே இல்லை. அந்தப் பலகையை யாரும் தொடாமல் நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறோம். எனக்குப் பயம் இன்னும் போகவில்லை அண்ணே. ஆனாலும் தினமும் மதியம் லிஃப்ட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். நீ பாட்டுக்குச் சொல்லு.

உன் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி,
செல்வி