பக்கத்து அறை

அன்புள்ள ஓபல்,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். டெக்சாஸில் நில அளவை வேலை இன்னும் இரண்டு மாதம் இழுக்கும்.

பெடல் ஸ்டீல் கிட்டாருக்கு இங்கே ஆசிரியை கிடைத்துவிட்டாள். நடனக் கூடத்தில் வாசிக்கும் டார்லா, என் வயதில் பாதி. மூன்று வாரம் தயங்கிவிட்டுத்தான் அவள் கதவைத் தட்டினேன்.

நேற்று அவளிடம் ஒரு வால்ட்ஸ் நடன மெட்டை வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு சுரமும் முடியுமுன்பே ஒலியைக் கூட்டும் மிதியிலிருந்து என் கால் பின்வாங்கியது.

“என்ன பெரியவரே, சுரத்தோட கழுத்தை நெரிக்கிறீங்க! பக்கத்து ரூம்ல யாராச்சும் தூங்குறாங்களா?”

“ஆமாம்” என்று சொல்லிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்து அறையில் இருந்தவை தீவன மூட்டைகள்.

“கடைசிச் சுரத்தை முழுசா இழுங்க, சனிக்கிழமை எங்ககூட மேடைல உக்காரலாம்.”

நீ இரவுப் பணி முடிந்து பக்கத்து அறையில் தூங்கும் பகல்களில் பதினாறு ஆண்டுகள் ஒலியை அடக்கியே பழகிய கால், ஓபல். ஊர் மாறியது அதற்குத் தெரியவில்லை.

என் மெல்லிய பழுப்புச் சப்பாத்துகளை அனுப்பு. இந்தக் கனத்த பூட்ஸில் மிதி புலப்படவில்லை. கூடவே நாலு வரி எழுது.

இன்று காலை என் அறையில் அந்தச் சுரத்தை முழுதாக இழுத்துப் பார்த்தேன். சரியாக வந்ததென்றே நினைக்கிறேன். நெடுநேரம் ஒலித்தது. யாரும் விழிக்கவில்லை.

தபால்காரர் வந்துவிட்டார்.

உன்,
வெர்னன்