வாளிக்குள் டோக்கே

மார்ச் 4, செவ்வாய். கூலாய்

ஜொகூர் பாரு மருத்துவமனையில் இன்று என் கணவருக்கு மருந்தை நிறுத்திவிட்டார்கள். கல்லீரல் முழுக்கப் புற்று பரவிவிட்டதாம். இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என்றார் டாக்டர். திரும்பும்போது காரில் திருச்செல்வம்தான் என்னைத் தேற்றிக்கொண்டு வந்தார். நோயாளி அவரா, நானா?

மார்ச் 7, வெள்ளி

டோக்கே பல்லியை சூப் வைத்துக் கொடுத்தால் கட்டி கரையும் என்று ஃபேக்டரியில் ஷஹீரா சொன்னாள். அவளும் யாரோ சொல்லிக் கேட்டதுதான். அரிய பல்லி, பிடித்து வைத்திருந்தாலே ஜெயில் என்றும் சொன்னாள். தெரியும். தெரிந்தும் விற்கிறவன் நம்பரை வாங்கினேன்.

மார்ச் 13, வியாழன்

ஒருவன் துணிப்பையில் கொண்டுவந்து கொடுத்தான். முழங்கை நீளம். சாம்பல் நீல உடம்பு, ஆரஞ்சுப் புள்ளிகள். குளியலறையில் வாளிக்குள் போட்டு, மூடிமேல் அம்மிக்குழவியை வைத்திருக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

முடியவில்லை. கத்தியோடு மூடியைத் திறந்தேன். கட்டைவிரலைக் கவ்விக்கொண்டது, விடவே இல்லை. உதறிவிட்டு மூடியதும் உள்ளேயிருந்து கத்தியது — டொக்-கே, டொக்-கே. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். வேற என்னதான் செய்யச் சொல்றீங்க என்று கத்திவிட்டேன்.

அவர் திட்டவில்லை. "உன்னைப் பிடிச்சிட்டுப் போயிட்டா என் பக்கத்துல யாரு இருப்பா? எனக்கு அதுதான் பயம், சாந்தினி."

மார்ச் 15, சனி

இன்னும் வாளியில்தான் இருக்கிறது. ஒருவேளை நோய்க்குக் கேட்டுச்சுன்னா? ஒரே ஒரு தடவை கொடுத்துப் பார்த்தா என்ன? கடவுளே, நான் என்ன ஆகிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

வனவிலங்கு இலாகாவுக்கு நானே போன் செய்தேன். நடுத்தர வயது மலாய் அதிகாரி ஒருவர் வந்தார். எதற்காக வாங்கினேன் என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். விற்றவன் நம்பரை எழுதிக்கொண்டார். இந்தப் பக்கம் இதைப் பார்ப்பதே அபூர்வம், காட்டில் கொண்டுபோய் விடுவோம் என்றார். வெளியே போகும்போது படுக்கையில் கிடந்தவரைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றார். விசாரணைக்குத் தேவைப்பட்டால் கூப்பிடுவதாகச் சொல்லிப் போனார்.

மார்ச் 24, திங்கள்

யாரும் கூப்பிடவில்லை. வேலைக்கு நீண்ட லீவு சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சாப்பாடு இறங்கவில்லை. மார்ஃபின் கூட்டியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. யார் மேல்?

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் தலை வாரிவிடச் சொன்னார். வாரி முடிப்பதற்குள் போய்விட்டார். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் வாரிக்கொண்டிருந்தேன்.