இரண்டாவது படம்

செக்கானூரணி
17.6.1996

அன்பு மகன் தங்கப்பாண்டிக்கு அப்பா முத்திருளன் எழுதுவது. இங்கே உன் அம்மா சுகம், கறவை மாடு சுகம், எனக்கு மட்டும் நீ பண்ணிவைத்த காரியத்தால் ரத்தக்கொதிப்பு ஏறிக் கிடக்கிறது. அங்கே வெளிநாட்டில் நீ சுகமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன. பாதியில் மடித்து வைக்காமல் கடைசிவரை படி.

சித்திரையில் எனக்கு மட்டும் ஒரு கடிதம் எழுதினாய். ஆபீசில் எல்லோரும் நவம்பரில் மான் வேட்டைக்குப் போகிறார்கள், மேலதிகாரி உன்னையும் கூப்பிட்டிருக்கிறார், கடலைக்காட்டுக் காவலுக்கு லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் அப்பாவுக்குத்தான் தெரியும், எந்தத் துப்பாக்கி தோது என்று கேட்டாய். அம்மாவுக்குத் தெரிந்தால் பயப்படுவாள், இனி "அந்த விஷயம்" என்றே எழுதுகிறேன் என்றாய். கெட்டிக்காரன்தான். உன் கெட்டிக்காரத்தனம் எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது பார். வைகாசியில் உன் அம்மா மூன்று பெண்களின் போட்டோவை உனக்கு அனுப்பிவிட்டு, தபால்காரர் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். எலெக்‌ஷனுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கியைத் திரும்ப வாங்க நான் நடையாய் நடந்துகொண்டிருந்த நாளில் உன் இரண்டாவது கடிதம் வந்தது. தபால்காரர் கருத்தக்கண்ணனே பிரித்து அவளுக்கு வாசித்துக் காட்டினார். அதில் நீ என்ன எழுதினாய்? "அந்த விஷயமாக யோசித்தேன். மூன்றில் இரண்டாவதுதான் எனக்குத் தோது. கனம் குறைவு, பார்க்கவும் லட்சணம், கையாளச் சுலபம். அப்பா சரி என்றால் முடித்துவிடலாம். படங்களைத் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன்." ஒரு இடத்திலாவது துப்பாக்கி என்று எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா?

நான் வீடு வந்து சேருவதற்குள் உன் மாமன் அழகுமலை திருப்பரங்குன்றத்துக்கு பஸ் ஏறிவிட்டான். இரண்டாவது போட்டோ அந்த ஊர் நல்லகாமன் மகள் சத்யப்ரியா. நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன். நீ எழுதியது துப்பாக்கியைப் பற்றி என்று புத்திக்கு எட்டவில்லை. பெண் வீட்டில், "எங்கள் மகளை எதனால் பிடித்தது?" என்று கேட்டிருக்கிறார்கள். உன் மாமன் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்திருக்கிறான், கையாளச் சுலபம் என்பது உட்பட. அந்தப் பெண் உள்ளேயிருந்து, "நான் ஒண்ணும் அம்புட்டுச் சுலபமில்லைன்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லிருங்க மாமா" என்று சொன்னதாம். வீடே சிரித்ததாம். ஆனி கடைசி வெள்ளிக்கிழமை பூ வைக்க நாள் குறித்துவிட்டார்கள். சொந்தபந்தம் அம்புட்டுப் பேருக்கும் சொல்லியாகிவிட்டது.

முந்தாநாள் உன் தனித் தபால் வந்தது. பிரித்தால் மூன்று துப்பாக்கி, இரண்டாவதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அதை உரமூட்டைக்கு அடியில் வைத்திருக்கிறேன், உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கும் ஒரு கடிதம் போடுவாய். நீ வட்டம் போட்டது உனக்கு ஆகாது. கனம் குறைந்த துப்பாக்கிதான் தோளை அதிகம் உதைக்கும். அதோடு நீ இடதுகைக்காரன், அதில் தோட்டா தள்ளும் தாழ்ப்பாள் வலது பக்கம் இருக்கிறது, அதுகூடவா கண்ணில் படவில்லை? மூன்றாவது ரவை சிதறுகிற ரெட்டைக்குழல், தூரத்து மானைக் கொல்லாமல் காயப்படுத்தி ஓடவிடும், அது பாவம். முதலாவது கனம், நின்று நிதானமாகச் சுடலாம். அதிலேயே இடதுகைக்கு இருக்கிறதா என்று கேள். தோளில் வைத்து, கன்னம் கட்டையில் ஒட்டுகிறதா என்று பார்க்காமல் எதையும் வாங்காதே. என் துப்பாக்கி இருபது வருஷமாகப் பன்றி விரட்டச் சத்தம் போட்டதோடு சரி. இங்கே மானைச் சுட்டால் ஜெயில். மேலதிகாரியோடு சும்மா போய் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தால் வேலையை விட்டா தூக்கிவிடுவான்?

துப்பாக்கிக்கு இவ்வளவு யோசித்தவன், அம்மா அனுப்பிய உறையைப் பிரித்தாயா இல்லையா என்றே தெரியவில்லை. இன்றைக்கே பிரித்துப் பார். பிடித்திருந்தால் எங்கள் புண்ணியம். பிடிக்கவில்லை என்றால் கட்டாயப்படுத்த மாட்டேன், நானே திருப்பரங்குன்றம் போகிறேன். நல்லகாமன் திட்டினால் வாங்கிக்கொள்வேன், உன் அம்மா அழுதால் பொறுத்துக்கொள்வேன். ஆனால் சிரித்துக்கொண்டு உள்ளேயிருந்து பதில் சொன்ன அந்தப் பிள்ளையிடம், "தாயி, அவன் எழுதினது உன்னைய இல்ல, ஒரு துப்பாக்கிய" என்று எந்த வாயால் சொல்வது? அதை மட்டும் நீயே எழுதி அனுப்பு.

குலசாமி உனக்குத் துணை இருக்கட்டும், நல்ல புத்தியும் கொடுக்கட்டும். கடிதம் கண்டதும் அழகுமலை கடை போனுக்குக் கூப்பிடு, நான் அங்கேயே காத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. முத்திருளன்